மூன்று நிமிடம், நாற்பது பந்து: ஹோம்ரன் டெர்பி கேள்வி–பதில்

இந்த மாதக் கேள்வி–பதில் பகுதி முழுக்க பேஸ்பாலுக்கு. அமெரிக்க மேஜர் லீக்கின் இரு பிரிவுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தையும், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் 'ஹோம்ரன்' யார் அதிகம் அடிக்கிறார் என்று பார்க்க அதற்கு முந்தின இரவு நடக்கும் ஹோம்ரன் டெர்பியையும் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். அட்லாண்டாவில் இருக்கும் மகள் ஆல்-ஸ்டார் வாரம், டெர்பி என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எது எந்த நாளில் நடக்கும்? நம் நேரத்துக்கு எப்போது பார்க்கலாம்? (திருச்சி வாசகர்)

மேஜர் லீக்கில் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். அந்த ஓட்டத்தின் நடுவே ஜூலையில் சில நாள் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் இந்தத் திருவிழா.

2025-இல் உங்கள் மகள் இருக்கும் அட்லாண்டாவிலேயே, ட்ரூயிஸ்ட் பார்க்கில் நடந்தது. அந்த ஆண்டின் வரிசையையே உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஃபியூச்சர்ஸ் கேம்: நாளை மேஜர் லீக்குக்கு வரப்போகும் இளைஞர்கள் ஆடும் 7 இன்னிங்ஸ் ஆட்டம். ஞாயிறு இரவு டிராஃப்ட் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) தொடக்கம். திங்கள் (ஜூலை 14) இரவு ஹோம்ரன் டெர்பி. செவ்வாய் (ஜூலை 15) இரவு ஆல்-ஸ்டார் ஆட்டம்.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 5:30. இலங்கைக்கும் அதே நேரம்தான். சிங்கப்பூர், மலேசியாவில் காலை 8 மணி. பலர் தவறவிடுவது நாள் மாறுவதால்தான். திங்கள்கிழமை டெர்பி நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை, செவ்வாய்க்கிழமை ஆட்டம் நமக்குப் புதன்கிழமை காலை. காலண்டரில் அப்படியே குறித்துவையுங்கள். 2026 முதல் மூன்று ஆண்டுகளுக்கு டெர்பி ஒளிபரப்பு உரிமை நெட்ஃபிளிக்ஸிடம் போயிருக்கிறது. ஆல்-ஸ்டார் ஆட்டம் வழக்கம்போல ஃபாக்ஸ் தொலைக்காட்சியில்.

நேரம் இருந்தால் ஃபியூச்சர்ஸ் கேமையும் விடாதீர்கள். இன்று அங்கே பெயர் தெரியாமல் ஆடுகிறவர்களில் சிலர் நான்கைந்து ஆண்டுகளில் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் நிற்பார்கள். அவர்களை முன்கூட்டியே பார்த்துவைத்திருப்பது தனிச் சந்தோஷம்.

கேள்வி: டெர்பியின் விதிகளை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருப்பதால் குழப்பமாக இருக்கிறது. (சேலம் வாசகி)

2025-இல் இருந்த முறை இது. எட்டு பேட்டர்கள். ஒவ்வொருவருக்கும் பந்து போட்டுத்தர, அவர்களே தேர்ந்தெடுத்த ஓர் ஆள்.

முதல் சுற்றில் ஆளுக்கு 3 நிமிடம் அல்லது 40 பந்து. எது முதலில் தீர்கிறதோ அதோடு சரி. அது முடிந்ததும் போனஸ் பகுதி. இதில் கடிகாரம் இல்லை. மூன்று 'அவுட்' ஆகும்வரை அடிக்கலாம். ஹோம்ரன் ஆகாத ஒவ்வொரு ஸ்விங்கும் ஓர் அவுட். போனஸில் 425 அடி அல்லது அதற்கு மேல் ஒரு பந்தை அனுப்பிவிட்டால் நான்காவது அவுட் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். சுற்றுக்கு ஒரு முறை 45 விநாடி டைம்-அவுட் உண்டு.

எட்டுப் பேரில் அதிகம் அடித்த நால்வர் அரையிறுதிக்குப் போகிறார்கள். எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. முதலாமவருக்கு எதிராக நான்காமவர், இரண்டாமவருக்கு எதிராக மூன்றாமவர். இறுதிச் சுற்றில் 2 நிமிடம், 27 பந்து. முதல் சுற்றில் சமன் ஆனால், யாருடைய மிக நீண்ட ஹோம்ரன் அதிக தூரம் போனதோ அவர் முன்னேறுவார். அதற்குப் பிந்தைய சுற்றுகளில் சமன் ஆனால் 60 விநாடி கூடுதலாக அடிப்பார்கள். அதிலும் சமன் என்றால் ஆளுக்கு மூன்று ஸ்விங்.

கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: சிக்ஸர் எந்தப் பக்கமும் போகலாம். ஹோம்ரன் அப்படி அல்ல. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இருபுறமும் வேலி வரை போகும் இரண்டு ஃபவுல் கோடுகளுக்கு இடையிலுள்ள 90 பாகைக்குள், வேலியைத் தாண்டி விழவேண்டும். 450 அடி பறந்தாலும், கோட்டின் முனையில் நிற்கும் ஃபவுல் கம்பத்துக்கு வெளியே போனால் அது பூஜ்யம்.

கேள்வி: சொந்த ஆளே மெதுவாகப் பந்து போட்டுத்தருகிறார். அதைத் தூக்கி அடிப்பதில் என்ன சாமர்த்தியம்? (நாகர்கோவில் வாசகர்)

பந்து மெதுவாக வருவதே அங்கே முதல் சிக்கல்.

பந்து மட்டையை விட்டுப் போகும் வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மரமட்டையில் நன்றாகப் பட்டால், வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கும், மட்டையின் வேகத்தைப் போல 1.2 மடங்கும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த வேகம் கிடைக்கும். மட்டை மணிக்கு 121 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது என்று வையுங்கள். ஆட்டத்தில் 145 கி.மீ.யில் வரும் பந்தை அடித்தால் 29-உம் 145-உம் சேர்ந்து 174 கி.மீ. டெர்பியில் 88 கி.மீ.யில் வரும் பந்தை அதே மட்டையால் அதே போல அடித்தால் 163 கி.மீ.தான். வெளியேறும் வேகத்தில் ஒரு கி.மீ. குறைந்தால் தூரத்தில் ஏறக்குறைய 3 அடி போகும். ஆக, மெதுவான பந்தே முப்பது அடிக்கு மேல் தின்றுவிடுகிறது. அதை ஈடுகட்ட பேட்டர் தன் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆட்டத்தில் அவர் மூன்று மணி நேரத்தில் நான்கைந்து முறை மட்டை பிடிப்பார். இங்கே முழு வலுவோடு நாற்பது ஸ்விங், மூன்று நிமிடத்துக்குள்.

அடுத்தது கோணம். பந்து மேல்நோக்கி 25 முதல் 35 பாகைக்குள் கிளம்ப வேண்டும். 15 பாகையில் கிளம்பினால் எவ்வளவு வேகமானாலும் வேலியில் மோதும். 45-ஐத் தாண்டினால் வானத்தைத் தொட்டுவிட்டு மைதானத்துக்குள்ளேயே இறங்கும். மட்டை பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். அப்போது பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும், அந்தச் சுழற்சி காற்றில் அதைத் தாங்கிப் பிடிக்கும். நடுவுக்கு மேலே பட்டால் சுழற்சி முன்னோக்கி மாறி, பந்து முக்கிக்கொண்டு தரைக்கு வரும்.

சோர்வு வந்ததும் கெடுவது இந்த இடம்தான். இடுப்பு திரும்புவதற்கு முன்பே கைகள் பறக்கின்றன. மட்டை பந்தைச் சீக்கிரம் சந்தித்து, மணிக்கட்டு அதன் மேல் உருண்டுவிடுகிறது. பந்து ஃபவுல் கம்பத்துக்கு வெளியே வளையும், அல்லது தரையில் ஓடும். வேறு சிலருக்குப் பின்தோள் தாழ்ந்து, மட்டை பந்தின் அடியைச் சீவிக்கொண்டு போகும். உயரம் மட்டும் மிஞ்சும். டெர்பி பார்க்கும்போது இந்த இரண்டையும் கவனியுங்கள். தொடர்ந்து மூன்று பந்து இப்படிப் போனால் நல்ல பேட்டர் உடனே டைம்-அவுட் கேட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அதைக் கடைசி நிமிடத்துக்குப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் பெரும்பாலும் தாமதித்துவிடுகிறார்.

கேள்வி: அந்தப் பந்து போட்டுத்தருபவர் யார்? அவருக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்? (மதுரை வாசகர்)

பாதி டெர்பி அவர் கையில் இருக்கிறது என்றே சொல்வோம். டெர்பியில் யார் வெல்வார் என்று கணிக்க நினைப்பவர்கள் பேட்டரின் பருவ எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். யார் பந்து போடுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவர் அணியின் பயிற்சியாளராக இருக்கலாம், தகப்பனாக இருக்கலாம். 2011-இல் ராபின்சன் கனோவுக்கு அவர் தந்தை ஹோசே போட்டுத்தந்தார். 2018-இல் வாஷிங்டனில் பிரைஸ் ஹார்ப்பருக்குத் தந்தை ரான். 2025-இல் சியாட்டில் அணியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர்) கேல் ராலிக்குத் தந்தை டாட் பந்து போட, பின்னால் உட்கார்ந்து பிடித்தவர் 15 வயதுத் தம்பி. மூவருமே கோப்பையை வென்றார்கள். 2021-இல் பீட் அலான்சோ முதல் சுற்றிலேயே 35 அடித்ததற்கு, டேவ் ஜாஸ் என்ற பயிற்சியாளரின் கை கொஞ்சமும் பிசகாமல் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்ததுதான் பெரிய காரணம்.

அவர் செய்வது என்ன? ஆட்டத்தில் பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலம். இவர் அதைவிட முன்னால் வந்து, பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நின்று போடுவார். பந்து வளையக்கூடாது, நெளியக்கூடாது. நான்கு தையல் வரிகளின் குறுக்கே விரல் வைத்து நேராக விடுவார். உயரம் தொடைக்கும் இடுப்புக்கும் இடையே. பேட்டருக்கு எந்தப் பக்கம் பிடிக்குமோ அந்தப் பக்கம் அரை அடி தள்ளி. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாளம். 3 நிமிடத்தில் 40 பந்து என்றால் பந்துக்கு 4.5 விநாடி. கை தூக்குவதும் விடுவதும் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக இருந்தால்தான் பேட்டரின் முன்கால் சரியான நேரத்தில் தரையில் இறங்கும்.

வழக்கமான பயிற்சியில் தினமும் நூற்றுக்கணக்கில் போடும் கை, ஐம்பதாயிரம் பேர் முன்னால் இறுகிவிடுவது உண்டு. இறுகிய கை பந்தைத் தாமதமாக விடும், பந்து தாழும். பதறி மெதுவாக விட்டால் வளைவாக இறங்கும். இறங்கும் பந்தை 30 பாகையில் அனுப்புவது கடினம். அடிக்காமல் விட்ட பந்தும் நாற்பதில் ஒன்றாகக் கணக்கில் சேரும். ஆகவே நான்கு மோசமான பந்து என்றால் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு போயிற்று.

கேள்வி: பழைய டெர்பியில் பத்து அவுட் முறை இருந்ததாமே. அதுவே நன்றாக இருந்தது என்கிறார் என் அண்ணன். கடிகார முறைதான் விறுவிறுப்பு என்கிறேன் நான். உங்கள் தீர்ப்பு? (கோயம்புத்தூர் வாசகி)

உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு.

டெர்பி 1985-இல் மினியாபோலிஸில் தொடங்கியது. டேவ் பார்க்கர் ஆறே ஆறு ஹோம்ரன் அடித்து வென்றார். 2014 வரை அவுட் கணக்குத்தான். பெரும்பாலான ஆண்டுகளில் சுற்றுக்கு 10, கடைசி ஆண்டில் 7. பேட்டர் பிடித்த பந்து வரும்வரை காத்திருக்கலாம். அதனால் இரவு நீண்டது, பார்ப்பவருக்குச் சலிப்பும் வந்தது. ஆனால் ஒவ்வொரு பந்தையும் அது விழும்வரை கண்ணால் தொடரலாம். 2008-இல் பழைய யாங்கி ஸ்டேடியத்தில் ஜாஷ் ஹாமில்டன் முதல் சுற்றில் 28 அடித்தபோது, வலதுபக்க மேல்தளங்களில் ஒவ்வொரு பந்தும் போய் விழுவதை மொத்த மைதானமும் பார்த்துக் கத்தியது. அவருக்குப் பந்து போட்டவர் 71 வயதுப் பெரியவர் கிளே கவுன்சில். கடைசியில் வென்றது ஜஸ்டின் மார்னோ. இறுதிச் சுற்றில் 5–3. ஹாமில்டனின் மொத்தம் 35, மார்னோவின் மொத்தம் 22. அன்றைய வெற்றியாளர் பெயரை மறந்தவர்களும் ஹாமில்டனை மறக்கவில்லை.

2015-இல் கடிகாரம் வந்தது. சின்சினாட்டியில் சொந்த ரசிகர்கள் முன் டாட் ஃபிரேசியர் வென்றார், அரங்கமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு ஜியான்கார்லோ ஸ்டான்டன் மொத்தம் 61. 2019-இல் கிளீவ்லாண்டில் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 91 அடித்தும் தோற்றார். ஜாக் பீடர்சனுடன் நடந்த அரையிறுதியில் மட்டும் 40 அடித்துக் களைத்துப் போயிருந்தார். இறுதியில் அலான்சோ 23–22 என்று வென்றார். அலான்சோவின் மொத்தம் 57. சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை பூஜ்யமாவதால் வரும் விளைவு இது. எதிரியை ஒன்றில் தாண்டினால் போதும், மிச்சப்படுத்திய தெம்பு அடுத்த சுற்றுக்கு.

கடிகாரத்தில் ஒரு குறை இருந்தது. முந்தைய பந்து விழுவதற்குள் அடுத்தது பறந்தது. கேமரா எதைக் காட்டும்? விழும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவசரத்தில் பலர் காற்றில் விட்டார்கள். எண்ணிக்கை ஏறியது, ஆனால் ஒரு ஹோம்ரனையும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. 2024-இல் 40 பந்து வரம்பு கொண்டுவந்தது அதனால்தான் சரியான முடிவு. பந்து எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் அவசரப்பட்டுப் பயனில்லை. போனஸில் அவுட் முறையைத் திரும்பக் கொண்டுவந்ததில், உங்கள் அண்ணன் கேட்கும் படபடப்பும் கடைசிப் பகுதியில் கிடைக்கிறது. எங்கள் ஓட்டு இந்தக் கலவைக்கு.

கேள்வி: அதிக முறை வென்றவர் யார்? (விழுப்புரம் வாசகர்)

கென் கிரிஃபி ஜூனியர், மூன்று முறை: 1994, 1998, 1999. பிரின்ஸ் ஃபீல்டர், யோனிஸ் செஸ்பெடஸ், பீட் அலான்சோ ஆகியோர் இரண்டு முறை. தகப்பனும் மகனும் வென்ற ஒரே குடும்பம் கெரேரோ குடும்பம்: தந்தை 2007-இல், மகன் 2023-இல்.

கேள்வி: டெர்பியில் ஆடினால் பருவத்தின் மீதிப் பாதியில் ஆட்டம் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா? (யாழ்ப்பாணம் வாசகர்)

இந்தப் பேச்சுக்குப் பெரும் தீனி போட்டது பாபி அப்ரூவின் 2005. டெட்ராய்ட் டெர்பியில் முதல் சுற்றில் 24, மொத்தம் 41. ஆனால் அந்தப் பருவத்தில் இடைவேளைக்கு முன் 18 ஹோம்ரன் அடித்திருந்தவர், பின்பு ஆறுதான் அடித்தார்.

டெர்பிக்கு யாரை அழைக்கிறார்கள் என்று யோசியுங்கள். முதல் பாதியில் தன் வழக்கத்தைவிட மிக நன்றாக அடித்தவரை. அப்படிப்பட்ட உச்சத்திலிருந்து யாரும் வழக்கமான அளவுக்கு இறங்கத்தான் செய்வார், டெர்பிக்குப் போனாலும் போகாவிட்டாலும். ஏரான் ஜட்ஜ் 2017-இல் வென்றுவிட்டு 52 ஹோம்ரனோடு பருவத்தை முடித்தார். ஹார்ப்பர் 2018-இல் முதல் பாதியில் .214 சராசரியில் (ஆயிரம் முயற்சிக்கு 214 வெற்றிகரமான அடி) தடுமாறியவர், டெர்பி வென்றபின் .300 அடித்தார். ராலி 2025-இல் இடைவேளைக்கு முன் 38, முடிவில் 60.

உண்மையாகப் பார்க்கவேண்டியது காயம். முதுகிலோ, விலாத் தசையிலோ, மணிக்கட்டிலோ ஏற்கனவே பிடிப்பு உள்ளவர் மூன்று சுற்று முழு வலுவோடு சுழற்றினால் அது பெரிதாகும். அத்தகையவர் அழைப்பை மறுத்தால் ரசிகர்கள் குறைசொல்லக்கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: டெர்பியில் மிக நீண்ட ஹோம்ரன் எது? அந்தத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? (சிங்கப்பூர் வாசகி)

ஹுவான் சோட்டோ 2021-இல் டென்வரில் 520 அடி அனுப்பினார். ஆனால் டென்வர் கடல்மட்டத்துக்கு 5,280 அடி மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. நன்றாகப் பறக்கும் பந்து சமவெளியைவிடச் சுமார் 5 விழுக்காடு கூடுதலாகப் போகும். அந்தக் கணக்கில் சோட்டோவின் பந்து கடலோர ஊரில் 495 அடி. 2017-இல் ஜட்ஜ் மியாமியில், கூரை மூடிய அரங்கத்துக்குள், 513 அடி அடித்தார். அன்று 500 அடியைத் தாண்டியவை மட்டும் நான்கு. ஒரு பந்து கூரையிலேயே மோதி, கணக்கில் சேராமல் போயிற்று. எங்கள் பட்டியலில் முதலிடம் அந்த 513-க்குத்தான். 2025-இல் ஓனில் குரூஸும் அட்லாண்டாவில் 513 தொட்டார்.

அளப்பது நாடாவால் அல்ல. அரங்கைச் சுற்றியுள்ள கேமராக்கள் பந்தின் வேகம், கோணம், பாதை ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. இருக்கையிலோ கூரையிலோ தடைப்படாமல் போயிருந்தால் மைதானத் தரை மட்டத்தில் எங்கே விழுந்திருக்கும் என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. திரையில் வருவது அந்தக் கணிப்பு.

அதனால் என்ன என்று கேட்காதீர்கள். 2025-இன் முடிவே இந்தக் கணக்கில் தொங்கியது. முதல் சுற்றில் ராலியும் பிரென்ட் ரூக்கரும் ஆளுக்கு 17. நீண்ட ஹோம்ரனைப் பார்த்தார்கள். ரூக்கருடையது 470.54 அடி, ராலியுடையது 470.62 அடி. வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அந்த ஓர் அங்குலத்தில் நுழைந்த ராலி, இறுதியில் ஜூனியர் கமினேரோவை 18–15 என்று வென்று, டெர்பி வென்ற முதல் கேட்சர் ஆனார். வருடம் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கால்கள் அவை.

கேள்வி: பரிசு எவ்வளவு? (நெய்வேலி வாசகர்)

மொத்தம் 25 லட்சம் டாலர். வென்றவருக்கு 10 லட்சம், இரண்டாமவருக்கு 5 லட்சம், மற்ற அறுவருக்கு ஆளுக்கு 1.5 லட்சம். மிக நீண்ட ஹோம்ரனுக்குத் தனியாக 1 லட்சம்.

கேள்வி: ஆல்-ஸ்டார் அணியை ரசிகர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே. கூட்டம் அதிகமுள்ள ஊர்க்காரர்கள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள மாட்டார்களா? (பெங்களூரு வாசகர்)

பிடித்தே விட்டார்கள், 1957-இல். சின்சினாட்டி ரசிகர்கள் ஓட்டுச் சீட்டைக் குவித்து, நேஷனல் லீக்கின் தொடக்க அணியில் ஏழு இடங்களுக்குத் தங்கள் ஊர் வீரர்களையே கொண்டுவந்தார்கள். மேஜர் லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனர் ஃபோர்டு ஃபிரிக் அவர்களில் இருவரை நீக்கிவிட்டு, பேஸ்பாலின் மாபெரும் வீரர்களான வில்லி மேஸையும் ஹாங்க் ஏரனையும் சேர்த்தார். அந்த இருவரை ஓரங்கட்டிய ஓட்டு எப்படிப்பட்டது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அதன்பின் ரசிகர்களிடமிருந்து ஓட்டுரிமை பறிக்கப்பட்டு, 1970-இல்தான் திரும்பக் கிடைத்தது.

இப்போது ஓட்டு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஒவ்வொரு லீக்கிலும் அதிக ஓட்டு வாங்கியவர் நேராகத் தொடக்க அணிக்குப் போகிறார். மற்ற இடங்களுக்கு முன்னணியில் உள்ளவர்கள் மட்டும் இரண்டாம் கட்டத்தில் மோதுகிறார்கள். பிட்சர்களுக்கு ரசிகர் ஓட்டே கிடையாது. அவர்களையும் மாற்று வீரர்களையும் சக வீரர்களின் ஓட்டும் கமிஷனர் அலுவலகமும் தீர்மானிக்கின்றன. லீக்குக்கு 32 பேர்: 20 பேட்டர்கள், 12 பிட்சர்கள்.

30 அணிகளிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இதனால் தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்கவேண்டி வருகிறது என்று ஆண்டுதோறும் வாதம் நடக்கிறது. விதி இருக்கட்டும் என்பதே எங்கள் கட்சி. கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் ரசிகனுக்கும் அந்த ஓர் இரவில் தன் சட்டையைப் போட்ட ஒருவன் கோட்டில் நிற்பதைப் பார்க்கும் உரிமை வேண்டும். சொந்த அணிச் சீருடையோடு ஆடவேண்டும் என்று ரசிகர்கள் விடாமல் கேட்டதற்கும் காரணம் இதுதான். 2025-இல் அது திரும்ப வந்ததும் எங்களுக்கு நிம்மதி.

கேள்வி: புள்ளி இல்லாத ஆட்டம்தானே. அதில் யார் உயிரைக் கொடுத்து ஆடப்போகிறார்? (காரைக்குடி வாசகர்)

பிட்சர்களைப் பாருங்கள். வழக்கமாக ஐந்தாறு இன்னிங்ஸுக்குத் தெம்பைப் பங்கிட்டு வீசுகிறவர்கள், இங்கே ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டு உட்காரப்போகிறார்கள். ஆகவே முதல் பந்திலிருந்தே உச்ச வேகம். எதிரே நிற்பவர் அந்த லீக்கின் சிறந்த பேட்டர். 1934-இல் கார்ல் ஹப்பெல் வரிசையாக அக்காலத்தின் பெரும் பேட்டர்களான ரூத், கெரிக், ஃபாக்ஸ், சிம்மன்ஸ், க்ரோனின் ஐவரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலேயே ஆட்டமிழக்க வைத்தார். 1999-இல் பாஸ்டனில் பெட்ரோ மார்டினெஸ் ஆறு பேரில் ஐவரை அப்படி அனுப்பினார். இதையெல்லாம் புள்ளிக்காக யாரும் செய்யவில்லை.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பொருட்காட்சிக்காக. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு இதை ஏற்பாடு செய்தார். ஒரே முறை என்றுதான் நினைத்தார்கள். அன்று ரூத் முதல் ஹோம்ரன் அடிக்க, அமெரிக்கன் லீக் 4–2 என்று வென்றது. ரசிகர்கள் விடவில்லை. அதன்பின் இது நடக்காமல் போனது 1945-இல் போரினாலும் 2020-இல் கொரோனாவினாலும் மட்டுமே.

புள்ளி சேர்த்தும் பார்த்தார்கள். 2002-இல் மில்வாக்கியில் 11 இன்னிங்ஸ் முடிந்தும் 7–7. இரண்டு பக்கமும் வீச ஆள் இல்லாமல் ஆட்டத்தைச் சமனாக முடித்தார்கள், கூட்டம் கூச்சலிட்டது. அதற்குப் பரிகாரமாக 2003 முதல் 2016 வரை, வெல்லும் லீக்குக்கு உலகத் தொடரில் (இரு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) சொந்த மைதானச் சலுகை தந்தார்கள். ஒரு பருவம் முழுக்க உழைத்த அணியின் சலுகையை ஜூலையில் வேறு யாரோ தீர்மானிப்பது நியாயமில்லை. அதைக் கைவிட்டது நல்லது.

கேள்வி: 2025 ஆட்டம் டெர்பி போல முடிந்ததாமே? (கோலாலம்பூர் வாசகி)

ஆம். நேஷனல் லீக் 6–0 என்று முன்னால் இருந்தது. அமெரிக்கன் லீக் எட்டிப்பிடித்து ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6–6. கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது. புதிய விதிப்படி லீக்குக்கு மூவர், ஆளுக்கு மூன்று ஸ்விங், பயிற்சியாளர் பந்து போடுவார். அமெரிக்கன் லீக்கில் ரூக்கர் 2, ராண்டி அரோசரேனா 1, ஜொனாதன் அராண்டா 0. நேஷனல் லீக்கில் கைல் ஸ்டோவர்ஸ் 1. அடுத்து வந்த கைல் ஷ்வார்பர் மூன்று ஸ்விங்கிலும் மூன்று. 4–3. மூன்றாவது ஆளாக நின்ற அலான்சோவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆட்டத்தில் ஒரு ஹிட் கூட அடிக்காத ஷ்வார்பருக்குச் சிறந்த வீரர் விருது.

இதைப் பெனால்டி ஷூட்-அவுட் போன்ற சூதாட்டம் என்று திட்டியவர்களும் உண்டு. உலகத் தொடரில் இப்படி முடித்தால் நாங்களும் எதிர்ப்போம். ஜூலை இரவில், பிட்சர்களின் கைகளைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி தெரியவில்லை. வீரர்கள் தடுப்புக்கு வெளியே ஓடிவந்து குழந்தைகளைப் போலக் குதித்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் பெண்கள் சாஃப்ட்பால் அணி இருக்கிறது. விளையாட்டு விழாவில் ஒரு சிறிய டெர்பி நடத்த ஆசை. என்னென்ன தேவை? (ஈரோடு, உடற்கல்வி ஆசிரியை)

தாராளமாக நடத்துங்கள் டீச்சர். பந்து 24, ஒரு வாளி, மட்டை மூன்று, ஹெல்மெட் எல்லாருக்கும். எல் வடிவப் பாதுகாப்பு வலை கட்டாயம். இரும்புக் குழாயில் 7 அடிக்கு 7 அடி சட்டம் அடித்து, மேல் மூலை ஒன்றில் 3 அடிக்கு 3 அடி வெட்டிவிட்டு, மீதியில் தடித்த வலை கட்டச் சொல்லுங்கள். வலது கைக்காரர் போட்டால், அவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்க்க வெட்டு வலப்பக்கம் இருக்க வேண்டும். பந்தை விட்ட மறுகணம் இடப்பக்கம், உயர்ந்த வலைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். விட்டுவிட்டு அந்த வெட்டில் தலையை நீட்டியபடி பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அடிபடும் முதல் காரணம்.

போடும் தூரம் 30 முதல் 35 அடி. பாவம் பார்த்து வளைவாகத் தூக்கிப் போடாதீர்கள். மேலே சொன்னபடி, இறங்கும் பந்தை உயர்த்துவது கடினம். பிள்ளைகள் அடியைச் சீவுவார்கள். தோளுக்கு மேலிருந்து, மட்டமாக, ஒரே வேகத்தில் போடுங்கள்.

வேலிக்குப் பதில் கயிறு. 150 அடியில் கட்டித் தொடங்குங்கள். சோதனையாக இருபது பந்து அடிக்கவிட்டு ஒன்றிரண்டு கூடத் தாண்டவில்லை என்றால் பத்தடி உள்ளே இழுங்கள். ஐந்தாறு தாண்டினால் அதே இடம் சரி. ஃபவுல் கோடு இரண்டையும் சுண்ணாம்பில் கயிறு வரை போட்டு, கோட்டுக்கு ஒருவராக நிறுத்துங்கள். ஆளுக்கு 2 நிமிடம் அல்லது 20 பந்து, பிறகு இரண்டு அவுட் போனஸ் போதும். எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் சுற்று முடியும்.

பந்து பொறுக்கும் சிறுமிகள் கையுறையோடு, கயிற்றுக்கு அருகில் மட்டும் நிற்கட்டும். முந்தைய பந்து தரையில் விழுந்து நீங்கள் விசில் அடித்தபின்தான் அடுத்தது. இரண்டு பந்து ஒரே நேரத்தில் காற்றில் இருந்தால், ஒன்றை அண்ணாந்து பார்ப்பவள் மேல் மற்றொன்று விழும். ஒவ்வொருவர் முடிந்ததும் வாளியை எண்ணுங்கள். 24 இல்லையென்றால் தேடி எடுத்தபிறகே அடுத்தவரை அழையுங்கள். புல்லில் கிடக்கும் பந்தை மிதித்தால் கணுக்கால் பிசகும்.